ஏழாண்டுப் படிப்பு எதற்காக?

அண்மையில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். செபம் முடிந்து, தீர்த்தம் தெளித்து, காப்பி அருந்த அமர்ந்தபோது வீட்டுத் தலைவர் தம் மனக்குறையை வெளியிட்டார். அவர் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

"சாமி, என் மகள் எப்போதுதான் படித்து முடிப்பாள் என்று நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கள். முதலில் மூன்று ஆண்டு. பிறகு இரண்டு ஆண்டு. மறுபடியும் இரண்டு ஆண்டு. இப்போது ஆராய்ச்சியாம். பைத்தியம் பார்க்கும் படிப்புக்கு ஏழு ஆண்டு போதாதா? வரன் கேட்டு வருகிறவர்கள்கூட இந்தப் படிப்பின் பேரைக் கேட்டுத் தயங்குகிறார்களே!"

கதவருகே நின்றிருந்த அந்தப் பெண் கோபிக்கவில்லை. "அந்த ஏழு ஆண்டும் மற்றவர்கள் பேசுவதைக் கேட்கத்தான் படித்தேன், சாமி. இன்னும் சரியாகக் கேட்க வரவில்லை" என்றாள்.

தந்தை சிரித்தார். நம்மால் சிரிக்க இயலவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நாம் செய்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் பணிபுரிந்த காலம். ஒரு தாய் நம்மிடம் வந்து, கல்லூரியில் படிக்கும் தன் மகன் இரவெல்லாம் உறங்குவதில்லை என்றும், தனியே பேசிக்கொள்கிறான் என்றும், அண்டை வீட்டார் தன்னைக் கொல்லச் சதி செய்வதாக அஞ்சுகிறான் என்றும் அழுதார். நாம் ஐந்து நிமிடமே கேட்டோம். "ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் செய்யுங்கள், எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்பினோம். அத்தாய் அப்படியே செய்தார். பிறகு யாரோ சொல்லக் கேட்டு, சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருந்த ஓர் ஆலோசகரிடம் பல மாதம் பணம் கட்டினார். அம்மகன் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று மருந்தினாலும் தொடர்ந்த கவனிப்பினாலும் நலமடைந்து, ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். ஆயினும் இழந்த படிப்பு இழந்ததுதான். அந்த மூன்று ஆண்டுகளுக்கு நாமும் பொறுப்பாளி. செபிக்கச் சொன்னதில் தவறில்லை. செபத்தோடு நிறுத்திக்கொண்டதே தவறு.

எனவேதான், அந்தப் பெண்ணின் ஏழாண்டுகள் எதில் கழிந்தன என்று பொறுமையாகக் கேட்டறிந்தோம். நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

யார் எவர்?

முதலில் ஒரு தெளிவு. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநோய் மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. நோயாளியின் சிந்தனை, நினைவாற்றல், அறிவுத்திறன், உணர்ச்சிகள் ஆகியவற்றை முறைப்படி சோதித்தறிவதும், பேச்சினாலும் பயிற்சியினாலும் குணப்படுத்துவதும் அவருடைய பணி. இவ்விருவரும் வண்டியின் இரு சக்கரங்கள் போன்றவர்கள்.

இத்துறை நமக்குப் புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943இல் ஜி.டி. போவாஸ் தலைமையில் தொடங்கிற்று. பெங்களூரில் 1954இல் அமைந்த அனைத்திந்திய மனநல நிறுவனத்தில், மறு ஆண்டே மருத்துவ உளவியலுக்கான பயிற்சி ஆரம்பமாயிற்று. அந்நிறுவனமே 1974இல் மைசூர் அரசின் மனநல மருத்துவமனையோடு இணைந்து, இன்று நிம்ஹான்ஸ் என்று வழங்குகிறது.

ஏழாண்டுகளின் கணக்கு

அந்தப் பெண் முதல் மூன்று ஆண்டுகள் தாம்பரத்திலிருந்து மின்சார இரயிலேறி நுங்கம்பாக்கத்தில் இறங்கி, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் உளவியல் பயின்றாள். அடுத்த இரண்டு ஆண்டுகள் முதுகலைப் படிப்பு. பலர் இதனோடு நிறுத்திக்கொள்கின்றனர். நோயாளியைப் பார்க்கும் தகுதி இதனால் வந்துவிடாது.

உண்மையான பயிற்சி அதன் பிறகுதான். மருத்துவ உளவியல் எம்.ஃபில். என்பது இரண்டு ஆண்டு முழுநேரப் பயிற்சி. நம் பகுதிக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்காக 2005இல் நடுவண் அரசு அமைத்த தேசிய நிறுவனத்திலும், போரூர் ஸ்ரீ இராமச்சந்திராவிலும் இப்பயிற்சி நடந்து வந்திருக்கிறது. காலையிலிருந்து மாலைவரை நோயாளிகளோடும் அவர்தம் குடும்பத்தாரோடும் அமர வேண்டும். ஒருவருடைய பிறப்பு, வளர்ப்பு, பள்ளி, வேலை, திருமணம், நோயின் தொடக்கம் அனைத்தையும் கேட்டு எழுத வேண்டும். எழுதியதை மூத்தவர் முன் வைக்க வேண்டும். "இதை ஏன் கேட்கவில்லை? அவர் அழுதபோது நீ ஏன் அவசரமாகப் பேசினாய்?" என்று மூத்தவர் வினவுவாராம்.

சோதனைகளும் உண்டு. ஹெர்மன் ரோர்ஷாக் 1921இல் வெளியிட்ட மைக்கறை அட்டைகள் பத்தும் அவற்றுள் அடங்கும். எழுதப் படிக்கத் தெரியாதோரின் அறிவுத்திறனையும் அளக்கும்படி, சி.எம். பாட்டியா என்ற இந்திய அறிஞர் 1955இல் செயற்சோதனைகளை வகுத்தளித்தார். பள்ளிக்கே போகாத சிறுவன் கட்டைகளை அடுக்கியே தன் அறிவைக் காட்டிவிடலாம். 'மக்கு' என்று வகுப்பில் ஒதுக்கப்பட்ட பிள்ளை, உண்மையில் எழுத்துகளைப் பிரித்தறிவதில் மட்டும் இடர்ப்படுபவன் என்று இத்தகைய சோதனைகளின் துணையால் தெரிய வருவதுண்டு. அதை அறிந்த அன்று அப்பிள்ளையின் தாய் அடையும் ஆறுதலை எண்ணிப் பாருங்கள்!

ஆராய்ச்சி எதற்கு?

"படித்தது போதாதா, ஆராய்ச்சி வேறா?" என்பது தந்தையின் இரண்டாவது கேள்வி. இதற்கு விடை நம் சென்னை நகரிலேயே உள்ளது.

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராகிய டாக்டர் சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராய் இருந்தவர். ஓய்வு பெற்ற பின் ஓய்ந்துவிடாமல், 1984இல் மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனமாகிய 'ஸ்கார்ஃப்' அமைப்பை நிறுவினார். 2021இல் தமது 98ஆம் வயதில் மறைந்தார். அவரோடு உழைத்த டாக்டர் ஆர். தாராவும் உடன் ஆய்வாளர்களும், 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரைப் பதிவு செய்து, பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் என்று பின்தொடர்ந்தனர். மனச்சிதைவு வந்தால் வாழ்வே முடிந்தது என்று எண்ணியிருந்த உலகிற்கு, நோயுற்றோரில் பலர் பெரிதும் தேறி வாழ்கின்றனர் என்பதை அவ்வாய்வு காட்டிற்று. வீடு வீடாகத் தேடிச் சென்று கேட்ட கேள்விகளால் வந்த நம்பிக்கை அது!

அதே நிறுவனத்தார், நோயாளியைப் பராமரிக்கும் குடும்பத்தாரின் சுமையை அளக்க 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை 1998இல் வெளியிட்டனர். பராமரிப்போரிடமே கேட்டுத் தொகுத்த செய்திகளிலிருந்து அது உருவாயிற்று. நம் தாய்மார், "மனசே சரியில்லை", "நெஞ்சு படபடக்கிறது", "தலை பாரமாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். அயல்நாட்டுக் கேள்வித்தாளை அப்படியே பெயர்த்தால் இவை பிடிபடா. நம் இளம் ஆய்வாளர் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் நோயாளிகளின் அன்னையரைச் சந்தித்துச் செய்துவரும் வேலையும் இத்தகையதே. "மகனுக்கு மருந்து தரப் பலர் உண்டு, நீ சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டவர் யாருமில்லை" என்று ஒரு தாய் அவளிடம் சொன்னாராம்.

நமக்கு என்ன கடமை?

நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோருள் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறவே இல்லை. நம் பங்குகளில் மட்டும் கணக்கு வேறாகவா இருக்கும்? 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி எரிந்தனர். 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களும் குணமாகும் என்று நம்பிய குடும்பத்தாரே.

ஆகவே, உதவி நாடும்போது தகுதியைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பாகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், அக்குழுமம் ஏற்ற படிப்புடையோரையே மருத்துவ உளவியலாளர் என்று கொள்கிறது. இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். இத்துறையில் பிள்ளைகளைச் சேர்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க. எம்.ஃபில். படிப்புகள் நாடெங்கும் நிறுத்தப்பட்டபோது, இத்துறைக்கு 2025-26 வரை நீட்டிப்புத் தரப்பட்டது. இனிச் சேர்வோர், குழுமம் ஏற்றுள்ள படிப்பு எதுவென்று விசாரித்தபின் சேர்தல் நலம்.

"ஒப்புரவு அருட்சாதனம் இருக்க உளவியலாளர் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். பாவத்திற்கு மன்னிப்புத் தேவை. நோய்க்குச் சிகிச்சை தேவை. நோயைப் பாவமென்று எண்ணி ஒருவன் அழும்போது இரண்டையும் பிரித்துக் காட்டுவது குருவின் கடமை. தாமஸ் வெர்னர் மூர் என்ற அமெரிக்கக் குரு, உளவியலும் மருத்துவமும் ஒருங்கே பயின்று, வாஷிங்டன் நகரில் 1916இலேயே மனநல மருத்துவக்கூடம் ஒன்றைத் திறந்தார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

விடைபெறும்போது அந்தத் தந்தையிடம் சொன்னோம்: "ஐயா, உம் மகளைப் போல் ஏழு ஆண்டு கேட்கக் கற்ற ஒருவர் அன்று எம் பங்கில் இருந்து, நாமும் அத்தாயை அவரிடம் அனுப்பியிருந்தால், ஓர் இளைஞனுக்கு மூன்று ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். அவள் படிக்கட்டும்."

அவர் மறுமொழி கூறவில்லை. மகள் பக்கம் திரும்பி, "நாளைக்கு எத்தனை மணிக்கு அம்மா இரயில்?" என்று கேட்டார்.