பூட்டோடு புறப்படும் நொதி

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், ஒரு சாண் நீளத்தில் குறுக்கே படுத்துக் கிடக்கிறது கணையம். எடை 100 கிராம் வந்தாலே அதிகம். இன்சுலின் சுரக்கும் உறுப்பு என்றுதான் பலருக்கும் இதைத் தெரியும். ஆனால் இன்சுலின் தரும் திட்டுகள் இதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மற்றதெல்லாம் பெரும்பாலும் நாம் சாப்பிடும் சோற்றையும் பருப்பையும் எண்ணெயையும் உடைக்கிற நொதிகளுக்கான பட்டறை.

அந்தப் பட்டறைக்குள் நொதி நடக்கும் வழியைக் கண்டவர் ஜார்ஜ் பலாடே. 1960களில், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில், கினிப்பன்றியின் கணையத்துக்குக் கதிரியக்கம் ஏற்றிய லூசினைக் கொடுத்தார். லூசின் ஓர் அமினோ அமிலம். நொதி செய்யும் செல் அதை எடுத்துக் கோத்துக்கொள்ளும். பிறகு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அது எங்கே போகிறது என்று பார்த்தார். முதல் சில நிமிடங்களில் செல்லின் அடிப்பக்கம், ரைபோசோம்கள் ஒட்டிய சவ்வு மடிப்புகளில் இருந்தது. 20 நிமிடம் ஆனபோது கோல்கிப் பகுதிக்கு வந்திருந்தது. 2 மணி நேரத்தில் செல்லின் நுனியில், குட்டிக் குட்டி உருண்டைப் பைகளுக்குள்! கண்ணுக்கே தெரியாத ஒரு பொருளின் பயணத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்த இந்தச் சோதனையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். 1974இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் பலாடேயும் ஒருவர்.

பைகள் நுனியிலேயே காத்திருக்கும். கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலைத் தொட்டதும் குடல் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை விடுகிறது. பைகள் வாய் திறக்கின்றன. இரைப்பையின் அமிலம் வந்தால் செக்ரிட்டின் சுரக்கும். 1902இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டுபிடித்தது அது. அதன் பேச்சைக் கேட்டு, கணையக் குழாய்ச் செல்கள் அமிலத்தை முறிக்கும் காரநீரை ஊற்றுகின்றன. எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஒன்றரை லிட்டர் வரை.

புரதத்தை உடைக்கும் டிரிப்சின், டிரிப்சினாகவே புறப்படுவதில்லை. கணையமும் புரதம்தானே! அதனால் டிரிப்சினோஜென் என்ற பூட்டிய வடிவில் கிளம்புகிறது. தப்பித்தவறி பூட்டு கழன்றாலும் அடக்கிப்போட, அதே பைக்குள் ஒரு தடுப்புப் புரதமும் உண்டு. சாவி இருப்பது குடல் சுவரில்: என்டரோகைனேஸ். அது டிரிப்சினோஜெனின் நுனியில் சின்னத் துண்டு ஒன்றை நறுக்கிவிடும். எழுந்த டிரிப்சின் மற்றப் பூட்டுகளைத் தானே திறந்துவிடும்.

பித்தக்கல் குழாயை அடைத்தாலோ, குடி மிஞ்சினாலோ, பூட்டு கணையத்துக்குள்ளேயே திறந்துகொள்ளலாம். அப்போது கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும்; நொதிகள் ரத்தத்துக்குள் கசியும். மேல்வயிற்றில் பிடித்து முதுகுவரை குத்தும் வலியோடு வருபவருக்கு மருத்துவர் ரத்தத்தில் லைபேஸ் என்ற கொழுப்பை உடைக்கும் நொதியைப் பார்க்கச் சொல்வது அதனால்தான். குடலுக்குப் போக வேண்டிய நொதி ரத்தத்தில் இயல்பு அளவின் மேல்வரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தால், கசிவு எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிடும்.