பகைவனுக்குப் போன தண்ணீர்

பகைவரை நேசிக்கச் சொல்கிறது மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம். பிடிக்காத ஆள்மேல பாசம் எப்படி வரும்னு உடனே கேட்கத் தோணும். 1544இல் முத்துக்குளித்துறையில் நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் தருகிறது.

அப்போது தூத்துக்குடியில் போர்த்துகீசியக் கேப்டனாக இருந்தவர் கோஸ்மே தெ பைவா. போர்த்துகீசியர் பாதுகாப்பை நம்பித்தான் பரவர்கள் சில வருஷம் முன்பு ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். இவரோ குதிரை வியாபாரத்தில் குறியாக இருந்தார். சவேரியாருக்கு அவர்மேல் கடும் கோபம். அவருக்கும் சவேரியாரைக் கண்டால் ஆகாது.

அந்த நேரத்தில் வடுகப் படை தூத்துக்குடியைத் தாக்கியது. கேப்டனின் வீடும் கப்பலும் எரிந்தன. அவர் பக்கத்துத் தீவுகளுக்கு ஓடினார். செய்தி கேட்டதும் செப்டம்பர் 5 அன்று ஆலந்தலையிலிருந்து சவேரியார் தம் உதவியாளர் மான்சிலாஸுக்கு அவசரக் கடிதம் எழுதினார்: புன்னைக்காயல் ஆட்களையும் கிடைக்கிற தோணிகளையும் கூட்டிக்கொண்டு, தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு உடனே போ.

தானே போகவில்லை. கேப்டனுக்குத் தன்மேல் பகை என்பதால் ஒதுங்கி நின்றார்.

கவனியுங்கள், இங்கே சமரசம் நடக்கவில்லை, கோபமும் ஆறியதாகத் தெரியவில்லை. ஆனாலும் தோணி போகணும் என்றார். மத்தேயுவிலும் நேசத்தோடு சேர்ந்து வருவது செயல்தான்: பகைவருக்காக ஜெபிப்பது. பாசம் வரும்வரை காத்திருந்தால் தீவில் இருப்பவன் தாகத்தில் செத்துப்போவான்.