பேரிடருக்குப் பின் மீளும் குடும்பப் பொருள்

ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் காட்டுத்தீயில் வீடிழந்தோர் சாம்பலைச் சல்லடையில் சலித்து மோதிரம் தேடும் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் அந்தமான் நிக்கோபாரில் வீடுகளைக் கொண்டுபோனது தீயன்று, கடல். 2004 டிசம்பர் 26 காலை எழுந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபார், கச்சால், கிரேட் நிக்கோபார் கரைகளிலிருந்த குடியிருப்புகளைத் துடைத்தெடுத்தது. இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கச்சாலின் இரப்பர்த் தோட்டத்துக்கென வந்து குடியேறியவர்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள். ஒருமுறை ஊரையே விட்டுவந்த குடும்பத்துக்குச் சேற்றிலிருந்து மீளும் ஒரு காசுமாலை எவ்வளவு பெரிய பொருள் என்பதை எந்த மதிப்பீட்டாளரும் எழுதித்தர முடியாது. அத்தகைய பொருள் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவற்றை இங்கே விளக்குகிறோம்.

தங்கத்தைக் கடல்நீர் அரிப்பதில்லை. உப்பும் சேறும் போக நன்னீரில் அலசினால் போதும். தீயில் அகப்பட்டதென்றால் கதை வேறு. தூய தங்கம் 1,064 பாகை செல்சியசில் உருகும். வெள்ளி 962 பாகையில். செம்பு கலந்த நகைத்தங்கம் சற்று முன்பே இளகும். பற்றவைத்த இடங்கள் அதற்கும் முன்பே விட்டுப்போகும். ஆகவே சங்கிலி கட்டியாகிவிடலாம். தங்கம் எரிந்து மறைந்துவிடாது. மேலே படரும் கருமை பெரும்பாலும் புகைக்கரியும் கலப்புச் செம்பு காற்றோடு வினைபுரிந்ததுமே. கறுத்துவிட்டதென்று விலையைக் குறைப்பவரிடம் அவசரப்பட்டு விற்காதீர்கள். எடையும் மாற்றும் பார்த்தபின் முடிவெடுங்கள். முத்துக்கும் பவளத்துக்கும் இந்த ஆறுதல் இல்லை. அவை சுண்ணாம்புப் பொருளாதலால் தீ அவற்றைச் சிதைத்துவிடும்.

நனைந்த பழைய புகைப்படங்களே உண்மையில் அவசரமானவை. தீவுகளின் ஈரக்காற்றில் இரண்டொரு நாளில் பூஞ்சை பிடிக்கும். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல் குளிர்ந்த நன்னீரில் ஊறவிட்டுப் பிரித்து, படம் மேல்நோக்கியிருக்க நிழலில் உலர்த்துக. உடனே செய்ய நேரமில்லையெனில் உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் பணத்தாள் இருந்தால் தேய்க்கவோ இஸ்திரி போடவோ வேண்டா. கிழிந்த தாள்களை, எவ்வளவு பகுதி எஞ்சியுள்ளது என்பதைப் பொறுத்து, ரிசர்வ் வங்கியின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி கிளைகளிலேயே மாற்றித் தருகிறோம். கருகியவை, தொட்டால் நொறுங்குபவை, பிரிக்க இயலாதபடி ஒட்டியவை ஆகியவற்றை நாங்கள் ஏற்க இயலாது. அவற்றை ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அங்கே தனி நடைமுறைப்படி தீர்மானிப்பார்கள். வைப்புத்தொகைப் பத்திரம் அழிந்தால் பணம் அழிவதில்லை. எங்கள் பதிவேட்டைக் கொண்டு நகல் பெறலாம்.

எஞ்சியதைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்க வருவோரிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்வது எங்கள் கடமை. 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, வங்கியின் கவனக்குறைவால் நேரும் தீ, திருட்டு, கட்டட இடிவு ஆகியவற்றுக்கும் ஊழியர் மோசடிக்கும் ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை நாங்கள் பொறுப்பாவோம். நிலநடுக்கம், வெள்ளம், மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அப்பொறுப்பு இல்லை. உள்ளே இருப்பது என்னவென்றே எங்களுக்குத் தெரியாது என்பதால் அதற்குக் காப்பீடும் எடுக்க இயலாது. கரையோரக் கிளையும் அதே கடலுக்கு அருகில்தானே இருக்கிறது! ஆதலால் தீவு வாடிக்கையாளர்கள் நகைக்காப்பீடு எடுக்கும்போது நிலநடுக்கமும் கடல்நீர் புகுதலும் அதில் அடங்குமா, பெட்டகத்தில் இருக்கும்போதும் செல்லுமா என்று கேட்டறிவது நல்லது. 2025 நவம்பர் முதல் பெட்டகத்துக்கு நால்வர் வரை அடுத்தடுத்த வரிசையில் நியமனம் செய்யலாம்.

ஒவ்வொரு நகையின் எடை, படம், இரசீது நகல் ஆகியவற்றைப் பெருநிலத்திலுள்ள உறவினர் ஒருவரிடமும் கொடுத்துவையுங்கள். அலை ஒரு வீட்டுப் பெட்டியை வேறொரு வீட்டு முற்றத்தில் சேர்த்துவிடக்கூடும். கண்டெடுத்தவர் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தபின் உரியவர் யார் என்ற கேள்வி எழும். இரசீது இல்லாத பாட்டனார் காலத்து நகையாயின், அதை அணிந்து பாட்டி நிற்கும் திருமணப் படமே வலுவான சான்றாகலாம்.