காகிதத் தூண்களில் ஒரு தேவாலயம்

1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் ஜப்பானின் கோபே நகரத்து தக்காத்தோரி தேவாலயம் எரிந்துபோச்சு. வீடிழந்த அக்கம்பக்கத்தாரில் வியட்நாம் அகதிகளும் உண்டு. பூசைக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே கூடத்தை வடிவமைத்தார் ஷிகெரு பான்.

துணிக்கடை அட்டைக்குழாய் தெரியும்தானே? அதுக்கு அண்ணன் மாதிரி 58 காகிதக் குழாய்கள், நீள்வட்டமாக. உயரம் 5 மீட்டர், விட்டம் 33 சென்டிமீட்டர், கனம் 15 மில்லிமீட்டர். பீடத்தின் பின்னால் நெருக்கமாக. வாசல் பக்கம் இடைவெளி விட்டு, கூட்டம் வெளியிலும் பரவ. 160 தொண்டர்கள் ஐந்தே வாரத்தில் கையாலேயே கட்டினார்கள். தூக்குபவரை நினைத்துப் போட்ட டிசைன் என்பேன்.

எங்க வீட்டில் பிளான் படிக்கும் முதல் ஆள் நான். கொத்தனாரான அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். “மழை பேஞ்சா?” என்றார். அதுக்குத்தான் வெளியே பாலிகார்பனேட் தகடு. பத்து வருஷம் நின்னுது. 2005இல் கழற்றி, 1999 நிலநடுக்கம் கண்ட தைவானின் தவோமி கிராமத்துக்குக் கொடுத்தார்கள். 2008இல் அங்கே மறுபடி எழுந்தது.