கூரை மரத்தின் வலிமையை அறிவது எப்படி?

தொண்டைமானாறு என்றதும் உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகளாகிய எங்களுக்கு நினைவுக்கு வருவது வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்தான். ஆனால் அந்தக் கரைக்கும் அதை அடுத்த வல்வெட்டித்துறைக்கும் இன்னொரு பெருமை உண்டு. இவை மரக்கலங்கள் கட்டிய ஊர்கள். வல்வெட்டித்துறையில் 1930இல் வேப்ப மரத்தால் கட்டப்பட்ட 89 அடி நீளமான ‘அன்னபூரணி’, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை சென்றது. கணுவும் வெடிப்பும் பார்த்து மரம் தெரியும் தச்சரின் அறிவுக்குப் பௌதிகவியலில் காரணம் உண்டு.

முதலாவது அடர்த்தி. பொதுவாகப் பாரமான மரம் பலமானது. தேக்கு ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம். பாலை மரமோ நீரில் அமிழும் அளவுக்குப் பாரமானது. இரண்டாவது ஈரலிப்பு. பச்சை மரம் பாரமாக இருந்தாலும் வலிமை குறைந்தது. உலர உலரவே வலிமை ஏறும். மூன்றாவது நாரின் போக்கு. நார் சாய்ந்து ஓடினாலோ, கணு இருந்தாலோ சட்டம் அந்த இடத்தில் முறியும்.

ஆய்வுகூடத்தில் 20 மில்லிமீற்றர் சதுரமும் 300 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட குறையற்ற துண்டை இரு முனைகளில் தாங்கி, நடுவில் முறியும் வரை அழுத்துவார்கள். ஆனால் கூரைச் சட்டத்தில் கணுவும் இருக்கும். எனவே முழு அளவுச் சட்டங்களையும் சோதிப்பார்கள். கணக்குக்குச் சராசரியை எடுப்பதில்லை. நூற்றில் 95 சட்டங்கள் தாண்டும் பெறுமானத்தையே எடுப்பார்கள். ஐரோப்பிய வகுப்பில் ‘டி40’ என்றால் அந்த வளைவு வலிமை சதுர மில்லிமீற்றருக்கு 40 நியூட்டன்.

மரத்தை வைக்கும் விதமும் முக்கியம். 4×2 அங்குலச் சட்டத்தைப் படுக்க வைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால் இரு மடங்கு சுமை தாங்கும். தொய்வு நான்கில் ஒன்றாகும். தாங்கிகளின் இடைத்தூரம் இரட்டித்தால், நடுவில் அதே சுமைக்குத் தொய்வு எட்டு மடங்காகும்.

எங்கள் பனை வேறு வகை. அதன் வைரம் வெளிப்புறத்தில், நடுப்பகுதி சோறு. அதனால்தான் முதிர்ந்த பனையின் வெளிப்புறத்தையே சிலாகைக்குப் பிளக்கிறார்கள்.

1990இல் விட்டுப்போன உம்மும்மாவின் வீட்டை வாப்பா இப்போது திருத்துகிறார். எஞ்சிய பனஞ் சிலாகைகளை மீண்டும் போடலாமா என்பது எங்கள் வீட்டுக் கேள்வி. புதிய மரத்தின் விலை பெற்றோருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூரையின் கீழ்தான் எல்லோரும் உறங்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். சுவருக்குள் இருந்த முனையை ஆணியால் குத்துகிறோம். எளிதில் இறங்கினால் உக்கலோ கறையானோ உண்டு. தட்டும்போது பொத்தல் ஓசை வருவதையும் ஒதுக்குகிறோம். மிஞ்சியவற்றை ஒரே இடைத்தூரத்தில் இரு கற்களில் வைத்து, நடுவில் ஒரே பாரத்தைத் தொங்கவிட்டு, தொய்வை அடிமட்டத்தால் அளக்கிறோம். ஒரே பருமனான சிலாகைகளுக்குள் அதிகம் தொய்வது கூரைக்கு ஆகாது. யங்கின் மட்டு பற்றிய பாடம் இங்கே உதவுகிறது.

இது தெரிவுக்கு உதவுமே தவிர, முடிவு அனுபவமுள்ள தச்சருடையது. மரக்காலைக்குப் போகும் பெற்றோரும் நிறத்தை மட்டும் பார்க்காமல் பாரம், ஈரலிப்பு, நார், கணு நான்கையும் கேட்டு வாங்குங்கள்.