மடக்குக் கத்தியும் அதன் தெரிவும்

நெடுநாள் கையிற் பழகிய மடக்குக் கத்தி ஒருவரை விட்டுப் பிரியும் வழிகள் இரண்டே. செம்பனை மட்டைகளுக்கிடையிலோ, பேருந்தின் இருக்கை இடுக்கிலோ, காற்சட்டைப் பையின் ஓட்டை வழியாகவோ காணாமற் போவது ஒன்று. தீட்டித் தீட்டி அலகு மெலிந்து, ஆணி தளர்ந்து, இனித் தீட்டுவதற்கு இரும்பே இல்லையென்ற நிலைக்கு வந்து ஓய்வது மற்றொன்று. முன்னது இழப்பு, பின்னது மூப்பு. எதுவாயினும் அடுத்த ஓய்வு நாளில் அவர் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உள்ள ஓர் இரும்புக்கடையின் முன் நிற்பார். கடைக்காரர் எடுத்துவைக்கும் கத்திகளுள் சில கறுப்பு வண்ணம் பூசியவை. சில முதுகில் இரம்பப் பல் அமைந்தவை. சில போர்வீரன் இடையிலிருந்து கழற்றி வைத்தவை போன்றவை. அவற்றுள் ஒன்றைக் கண் தேர்ந்தெடுத்து விடுகின்றது. ஆனால் உழைக்கப் போவது கண்ணன்று, கை. ஒரு திங்கள் கழிவதற்குள் புதிய கத்தி மேசை அறைக்குள் உறங்குவதும், மாங்காய் நறுக்க அடுக்களைக் கத்தியைத் தேடுவதும் இதனால் நேர்வனவே.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் பழைய கத்தியைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்ப்பது நலம். ஒரு கிழமையில் அது என்னென்ன செய்தது? உரமூட்டையின் தையலைப் பிரித்தது, கட்டுக்கயிற்றை அறுத்தது, வாழையிலை நறுக்கியது, பிள்ளையின் பென்சிலைச் சீவியது, கோயிலில் மாலை கட்டும்போது நாரை வெட்டியது, கொய்யாவைப் பிளந்து நால்வருக்குப் பங்கிட்டது. இவற்றுள் எந்த வேலைக்கும் நான்கு விரலின் அகலத்தினும் நீண்ட அலகு வேண்டுவதில்லை. முதுகிற் பற்களும் வேண்டுவதில்லை. வேண்டுவது மெல்லிய அலகு, எளிதில் தீட்டத்தக்க கூர், ஈரத்துக்கு அஞ்சாத உடல் ஆகிய மூன்றே.

மடக்கும் கருவி தமிழர்க்குப் புதிதன்று. ஏட்டில் எழுதிய காலத்தில் வழங்கிய எழுத்தாணி வகைகளுள் மடக்கெழுத்தாணி என்பதும் ஒன்று. பிடிக்குள் மடங்கி அடங்கும் எழுத்தாணியோடு, பனையோலையை வாருவதற்குரிய சிறு கத்தியும் அதே பிடியில் அமைந்திருந்தது. மேனாட்டிலும் செய்தி இதுவே. இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கென ஏற்பட்ட சிறு கத்தியே பேனாக்கத்தி எனப் பெயர் பெற்றது. இறகு மறைந்து நூறாண்டுக்கு மேலாகியும் பெயர் மறையவில்லை. கிழக்கிலும் மேற்கிலும் இச்சிறு கத்தி எழுத்துக்கு ஏவல் செய்திருக்கின்றது. ஏடும் எழுத்தாணியும் பற்றிப் பாடம் நடத்தும் தமிழாசிரியர், மாணவர்க்கு இவ்விரண்டையும் இணைத்துக் காட்டலாம்.

மலாக்காத் தோட்டத் தமிழரின் கத்தி அறிவு வேறொரு பள்ளியிற் பயின்றது. மலாயாவில் வணிகத்துக்கென ரப்பர் முதன்முதலில் பயிரானது மலாக்காவில்தான். 1896-ஆம் ஆண்டு டான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் அதனைத் தொடங்கிப் பின்னர் புக்கிட் அசகானில் விரிவாக்கினார். அது முதல் பல தலைமுறைகள் பால்வெட்டிலேயே விடிந்தன. ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையே சீவப்பெற வேண்டும். குறைந்தாற் பால் வராது; ஆழ்ந்தால் உள்ளேயுள்ள வளர்படலம் காயமுற்று மரம் முடிச்சு விழும். இருட்டு விலகும் முன்னர், நெற்றி விளக்கின் ஒளியில், இந்த அளவைக் கண்ணாலன்றிக் கையால் அறிந்தவர் அப்பெண்களும் ஆடவரும். மழுங்கிய கத்தி அளவு தவறும் என்பதை அவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எனவே தீட்டுகல் இல்லாத லயத்து வீடு அரிதாயிருந்தது.

பால்வெட்டும் கத்தி மடங்காதது. மடங்கும் கத்தி தோட்டத்துக்குள் தொழிற்கருவியாக நுழைந்தது நாற்றங்கால் வழியாக. 1915-ஆம் ஆண்டை ஒட்டி டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் ரப்பர்க் கன்றுகளுக்கு மொட்டு ஒட்டும் முறை உருவாகியது. மிகுபால் தரும் மரத்தின் மொட்டைப் பட்டையோடு பெயர்த்து, வேறொரு கன்றின் பட்டையைத் திறந்து, உள்ளே பொருத்திக் கட்டுவது அம்முறை. அதற்குச் சவரக்கத்தி போன்ற கூரும், பட்டையைக் கிழிக்காமல் நெம்பும் மழுங்கிய நாக்கும் உடைய சிறு மடக்குக் கத்தி ஏற்றதாயிற்று. ஒட்டுக் கட்டுபவரின் சட்டைப்பையில் இருந்த அக்கத்தியால் அவர் வெற்றிலைக் காம்பு கிள்ளமாட்டார், பழம் நறுக்கமாட்டார். ஒரு வேலைக்கு ஒரு கத்தி என்னும் அந்தக் கண்டிப்பு இன்று வாங்குவோர்க்கும் பயன்படும்.

இன்று ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கின்றது. இளமரத்தில் குலை தள்ள உளியும், உயர்ந்த மரத்தில் நீண்ட கோலிற் கட்டிய அரிவாளும் வேண்டும். மடக்குக் கத்திக்கு அங்கே சில்லறை வேலைகளே உள்ளன. தோட்டத்தை விட்டு நகரில் குடியேறியவர்க்கும் அவ்வாறே. மலாக்கா நகரில் 1781-ஆம் ஆண்டு எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் உள்ள பொற்கொல்லர் தெருவைத் தொடர்ந்து வருவது கருமான் தெரு. மலாய்ப் பெயர்கள் ஜாலான் துக்காங் எமாஸ், ஜாலான் துக்காங் பெசி. கொல்லனிடம் சென்று தன் கைக்கேற்ற கத்தியை அடித்து வாங்கிய காலத்துக்கு அத்தெருப் பெயர் சான்றாகும். இன்று கத்தி ஆலையிலிருந்து வருகின்றது; ஆகவே அதன் குணத்தை வாங்குபவரே ஆராய வேண்டியவராகின்றார்.

முதலில் ஆராய வேண்டியது எஃகு. கரிம எஃகு, துருவேறா எஃகு என இருவகை கடைக்கு வருகின்றன. கரிம எஃகு வீட்டுத் தீட்டுகல்லிலேயே விரைந்து கூரேறும்; கூரும் நுண்ணியதாய் அமையும். ஆயின் மலாக்காவின் காற்று அதற்குப் பகை. ஆண்டு முழுதும் ஈரம். மஸ்ஜித் தானா, தஞ்சோங் கிளிங் போன்ற கரையோரங்களில் உப்பும் கூடும். வியர்வை படிந்த சட்டைப்பையில் ஓரிரவு கிடந்தாலே செம்புள்ளிகள் தோன்றும். பச்சைப் பாக்கை நறுக்கினால் அலகு கறுத்துவிடும். பாக்கிலுள்ள துவர்ப்பொருள் இரும்போடு கூடுவதால் வரும் கருமை அது. கடுக்காயும் அன்னபேதியும் கூடி மையாவதும் இதே வினையால்தான். இக்கருமை கண்டு பலர் கத்தி கெட்டதென எறிந்து விடுகின்றனர். கருமை கேடன்று, செந்துருவே கேடு. கருமை படிந்த அலகு துருவைச் சற்றுத் தாங்கவும் செய்யும்.

துருவேறா எஃகு, பாத்திரக்கடையில் எவர்சில்வர் என வழங்குவதன் இனம். நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாத குரோமியம் அதில் உண்டு. அந்தக் குரோமியம் காற்றுப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகி இரும்பைக் காக்கின்றது. 1913-இல் செபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பார் துப்பாக்கிக் குழலின் தேய்மானத்துக்கு மாற்றுத் தேடியபோது இத்தகைய எஃகைக் கண்டார். குழலுக்கெனத் தேடியது உணவுக் கத்திக்கு வந்து சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸ் என்னும் பெயரிலேயே இவ்வரலாற்றின் ஒரு பகுதி உறைந்துள்ளது. கார்ல் எல்செனர் 1884-இல் தொடங்கிய தொழிற்சாலைக்குத் தம் அன்னையார் விக்டோரியாவின் பெயரை 1909-இல் சூட்டினார். 1921-இல் துருவேறா எஃகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கம் அப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. நாளும் துடைத்து எண்ணெயிடும் பழக்கமுடையவர் கரிம எஃகை நாடலாம். பழக்கம் இல்லாதவர், அதாவது நம்மிற் பெரும்பாலோர், துருவேறா எஃகை வாங்குவதே அறிவுடைமை. ஆனால் மிக மலிவாக வரும் துருவேறாக் கத்திகளுட் பல மென்மையானவை. துருப்பிடிக்கா, கூரும் நில்லா.

அடுத்தது மூட்டு. மடக்குக் கத்தியின் உயிர் அலகிலன்று, மூட்டிலேயே உள்ளது. சுவிசு நாட்டுக் கத்தி போன்றவற்றில் முதுகுவில் ஒன்று அலகைத் திறந்த நிலையில் நிறுத்துகின்றது, அது பூட்டன்று. அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால் அது மடங்கும், இடையில் விரல் இருந்தால் விரலுக்குக் கேடு. பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய கத்தி மரப்பிடியும் ஓர் அலகும் மட்டுமே கொண்டது. 1955-இல் அதற்கொரு சுழல்வளையம் சேர்ந்தது. வளையத்தைத் திருகிவிட்டால் அலகு மடங்காது. எளிய அமைப்பு, விலையும் பெரிதன்று. ஆயினும் மலாக்காவில் அதற்கொரு குறை உண்டு. மழையில் நனைந்தால் மரப்பிடி ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் நகமே பெயரும். உலர வைத்தபின் தானே இளகும். அடைமழைக் காலத்தில் வெளிவேலை செய்பவர்க்கு இது பொருந்தாது. கடையிலும் வீட்டிலும் பயன்படுத்துபவர்க்கு இதனினும் நல்லது அரிது.

பூட்டு இருந்தாலும் ஒன்றைச் செய்தல் கூடாது. டுரியான் பருவம் வந்ததும் மடக்குக் கத்தியின் நுனியைப் பழத்தின் அடிக்கீற்றில் செருகித் திருகுபவர் உளர். டுரியானைப் பிளக்கத் தடித்த, மடங்காத கத்தி வேண்டும். திருகும் விசை பக்கவாட்டில் சென்று மூட்டின் ஆணியைத் தளர்த்தும், நுனியையும் முறிக்கும். மூத்து ஓய்ந்ததாகக் கருதப்பட்ட கத்திகளுள் எத்தனை உண்மையில் டுரியானால் மாண்டனவோ!

கடையில் வாங்குமுன் செய்யத்தக்க சோதனை எளியது. அலகைத் திறந்து, நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் அடுத்ததைக் கேட்க வேண்டும். மூடிய நிலையில் அலகு பிடியின் நடுவே நிற்கின்றதா, பக்கச் சுவரை உரசுகின்றதா எனப் பார்க்க வேண்டும். உரசும் அலகு ஒவ்வொரு மூடலிலும் தன் கூரைத் தானே கெடுத்துக்கொள்ளும். நகம் பற்றும் பள்ளம் பெரும்பாலும் வலக்கையர்க்கு ஏற்ப இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். இடக்கையர் திறந்து பார்த்தே வாங்க வேண்டும்.

இனி இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்று. அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதம் ஆகியவை பற்றி மலேசியாவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நடப்பில் உள்ளது. பொதுச் சாலையிலோ பொது இடத்திலோ முறையான அதிகாரமோ முறையான நோக்கமோ இன்றித் தாக்கும் ஆயுதம் வைத்திருத்தல் அதன்படி குற்றம். தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாமலும் 10 ஆண்டுக்கு மேற்படாமலும் சிறை; பிரம்படியும் விதிக்கப்படலாம். ஆயுதம் என்பதன் பொருளும் விரிவானது. தாக்கப் பயன்படுத்தினால் காயம் விளைக்கக்கூடிய கருவியும் அதனுள் அடங்கும். மடக்குக் கத்தி சிறிதாயினும் இதற்குப் புறம்பானதென எண்ணுவது பேதைமை. நாற்றங்காலில் ஒட்டுக் கட்டுபவரின் பையில் அதற்கு நோக்கம் உண்டு. அதே கத்தி இரவுச் சந்தையில் ஓர் இளைஞனின் பையில் இருந்தால், 'எதற்கு?' என்று காவலர் கேட்கும் கேள்விக்கு விடை வேண்டும். பழக்கம் என்பது விடையாகாது.

எனவே வேலைக்கு வெளியே கத்தியைச் சட்டைப்பையில் சுமக்காமல், கருவிப் பெட்டியில் ஏனைய கருவிகளோடு வைப்பதே தக்கது. பொத்தானை அழுத்தியதும் விசையாற் பாய்ந்து திறக்கும் கத்தியை எவ்வேலைக்கும் வாங்க வேண்டாம். அதன் அமைப்பே வேலையைக் காட்டிலும் மிரட்டலைக் கருதியது. பள்ளிப் பிள்ளைகள் கையிற் பென்சில் சீவி இருந்தால் போதும். மேல்நிலைப் பள்ளி மாணவர் சிலர் அழகுக்கெனக் கத்தி வாங்கி நண்பர்க்குக் காட்டி மகிழ்வது ஆசிரியர் கண்ணிற் படுமாயின், கண்டிப்பதோடு நில்லாமல் மேற்சொன்ன ஆண்டுக்கணக்கையும் எடுத்துரைத்தல் நலம்.

புதுக்கத்தி வீட்டுக்கு வந்ததும் ஆலையிலிட்ட எண்ணெயைத் துடைத்து, வெந்நீரிற் கழுவி, உடனே உலர்த்த வேண்டும். மூட்டுக்கு நம்மவர் வழக்கமாக இடுவது தேங்காயெண்ணெய். அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். தையற்பொறிக்கு இடும் மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும். உணவு நறுக்கும் கத்தியாயின் மருந்துக்கடையிற் கிடைக்கும் நீர்மப் பாரபின் ஏற்றது. பலாப்பழம் அரியுமுன் மட்டும் அலகில் தேங்காயெண்ணெய் தடவலாம், பிசின் ஒட்டாது. தீட்டும்போது அலகைக் கல்லின்மேல் ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில் வைத்து, இருபுறமும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். பால்வெட்டிப் பழகிய முதியவர் வீட்டில் இருந்தால் கல்லையும் கத்தியையும் அவரிடம் கொடுத்து அருகில் அமர்ந்து பார்ப்பது நல்லது. அவர் சாய்வைப் பாகையால் அளப்பதில்லை. கல்லில் எழும் ஓசையைக் கேட்டே அறிகின்றார்.