டாடாவா, லேலண்டா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவையில் கேட்டதும், ரோபோ, மின்சாரக் கார், செயற்கை நுண்ணறிவு என்று நல்ல நல்ல தலைப்புகளை எல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது லாரி. அதனால் என்ன? வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் லாரி ஒன்றும் மட்டமான விஷயம் கிடையாது. இங்கே செய்கிற பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் லாரி ஏறினால்தான் காசு.

"டிரைவர்களுக்கு ரொம்பப் பிடித்த லாரி எது?" என்று புக்கிங் ஆபீஸ் வாசலில் நிற்கும் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். நாலு பதில் வரும். வயதான அண்ணாச்சி ஒருவர் "காமெட்" என்பார். பக்கத்தில் இருப்பவர் "போங்க அண்ணாச்சி, 1210 மாதிரி வருமா?" என்பார். இளவட்டமோ ஏ.சி. கேபினைக் கை காட்டும். என்னைக் கேட்டால் எல்லாருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். என்ன லோடு, என்ன ரோடு, வழியில் நின்று போனால் யார் பார்ப்பது? இந்த மூன்றுக்கும் எந்த வண்டி பதில் சொன்னதோ அதுதான் அந்தந்தக் காலத்து டிரைவரின் செல்ல வண்டி. குதிரை சக்தி எல்லாம் அப்புறம்தான்.

பழைய கதையிலிருந்து வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ராணுவம் கழித்துப் போட்ட ஃபோர்டு, செவர்லே வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்று பெயர். பிறகு டாட்ஜ், ஃபார்கோ, பெட்ஃபோர்டு. டாட்ஜும் ஃபார்கோவும் வேறு வேறு என்று அடித்துப் பேசியவர்கள் உண்டு. உண்மையில் இரண்டும் கிரைஸ்லர் கம்பெனியின் ஒரே வண்டிதான், பெயர்ப்பலகை மட்டும் வேறு! பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அவற்றை இங்கே கட்டித் தந்தது. பெட்ஃபோர்டு, கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் வழியாக வந்தது.

இவற்றில் பெரும்பாலானவை பெட்ரோல் வண்டிகள். பெட்ரோல் குடித்துக் குடித்தே முதலாளியை ஓட்டாண்டி ஆக்கிவிடும். அப்போது கை கொடுத்தது நம் சென்னை. செம்பியத்தில் உள்ள சிம்ப்சன் கம்பெனி 1950களில் 'பெர்க்கின்ஸ் பி 6' என்ற ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினைத் தயாரிக்கத் தொடங்கியது. பழைய பெட்ரோல் இன்ஜினை இறக்கி வைத்துவிட்டு, பெர்க்கின்ஸை ஏற்றிக்கொண்டு அதே வண்டியை ஓட்டினார்கள். வண்டி அமெரிக்கா, இன்ஜின் இங்கிலாந்து, பாடி நம்ம ஊர் ஆசாரி. இப்படி ஒரு கலப்பு மணம் வேறு எந்தத் தொழிலில் நடந்திருக்கும்?

இனி நம் தலைப்புக்கு உரிய இரண்டு பேர். 1948-ல் ரகுநந்தன் சரண் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கினார். அசோக் என்பது அவர் மகன் பெயர். முதலில் ஆஸ்டின் ஏ 40 கார். 1951-ல் எண்ணூரில் லேலண்ட் காமெட் லாரிகளைப் பூட்ட ஆரம்பித்தார்கள். 1950களின் நடுவில் கம்பெனி பெயரே அசோக் லேலண்ட் ஆயிற்று. அந்தப் பக்கம் ஜாம்ஷெட்பூரில், 1945-ல் ஏற்பட்ட டெல்கோ ரயில் இன்ஜின் செய்துகொண்டிருந்தது. 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கம்பெனியோடு 15 வருட ஒப்பந்தம் போட்டு லாரிக்கு வந்தது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்ததும் மூக்கில் இருந்த பென்ஸ் நட்சத்திரம் போய், டாடாவின் 'டி' எழுத்து வந்தது. பழைய ஆட்கள் அதற்குப் பிறகும் அதை 'பென்ஸ் வண்டி' என்றேதான் சொன்னார்கள். (2003-ல் டெல்கோ, டாடா மோட்டார்ஸ் ஆனது.)

ஆக இங்கிலாந்துப் பாணி ஒன்று, ஜெர்மன் பாணி ஒன்று. பெயர் வைத்ததிலேயே இந்த வித்தியாசம் தெரியும். டாடாவின் பழைய இன்ஜின் 692. நாம் முதலில் '6', அப்புறம் '92' என்று பிரித்துப் படிக்க வேண்டும். ஆறு சிலிண்டர், போர் 92 மி.மீ. ஸ்ட்ரோக் 120 மி.மீ. கால்குலேட்டரை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள், சுமார் 4.79 லிட்டர் வரும். அடுத்து வந்தது 697. போர் 97, ஸ்ட்ரோக் 128; சுமார் 5.67 லிட்டர். அப்படியானால் 497? நாலு சிலிண்டர், அதே 97 போர். புத்தகத்தில் ஸ்வெப்ட் வால்யூம் படிக்கும்போது தூக்கம் வந்த நண்பர்கள் இனி லாரி இன்ஜின் பெயரைப் பார்த்தே கணக்குப் போடலாம்.

லேலண்ட் காமெட் இன்ஜின்களுக்கு 370, 400 என்று பெயர். இது மி.மீ. அல்ல, கன அங்குலம்! 400 கன அங்குலம் என்றால் சுமார் 6.5 லிட்டர். இப்போது 692-ஐயும் 400-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "லேலண்டு இழுக்கும், டாடா ஓடும்" என்று டிரைவர்கள் சொல்வதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. பவர் என்பது டார்க்கும் சுற்று வேகமும் பெருக்கிய கணக்கு. பெரிய சிலிண்டர் கொண்ட லேலண்ட் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல டார்க் தரும். சின்ன இன்ஜின் வேகமாகச் சுற்றி அந்தப் பவரை எட்டும். சாய்மானத்தில் பாரத்தோடு கியரைக் குறைக்காமல் ஏறும்போது லேலண்ட் டிரைவர் மீசையை முறுக்குவார். சமவெளியில் சுறுசுறுப்பாகப் போகும்போது டாடாக்காரர் முறை.

லாரிகளின் எண்ணும் அப்படித்தான். 1210 என்றால் வண்டியும் பாரமும் சேர்த்து 12 டன், கடைசி 10-ஐப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 100 குதிரை சக்தி. 1612 என்றால் 16 டன், 120. 2515 என்றால் 25 டன், 150. பென்ஸிடம் கற்ற வழக்கம் இது.

அந்த 1210-ன் இன்னொரு விசேஷம் அதன் அரை மூக்கு. இன்ஜின் பாதி வெளியே, பாதி டிரைவர் பக்கத்தில். கம்பெனி தந்தது சேஸிஸும் முகப்பும்தான். கேபினை நாமக்கல் போன்ற ஊர்களில் மரத்தால் கட்டினார்கள். பானெட் சூடு நேராக டிரைவர் தொடைக்கு வரும். சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே என்ன இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கியர் பெட்டிகளில் சின்க்ரோமெஷ் இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு முறை கிளட்ச் மிதித்து, கியரைக் குறைக்கும்போது நடுவில் நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, பற்களின் வேகத்தைச் சமமாக்கித்தான் கியர் போட வேண்டும். தவறினால் 'கர்ர்ர்' என்று ஊருக்கே கேட்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியைப் பாரத்தோடு திருப்பித் திருப்பி பழைய டிரைவர்களுக்குத் தோள்பட்டை என்ன ஆனது என்பதை அவர்களே சொல்வார்கள்.

இவ்வளவு கஷ்டம் கொடுத்த வண்டியை ஏன் கொண்டாடினார்கள்? நின்று போனாலும் அங்கேயே எழுப்பிவிடலாம்! டீசல் லைனில் ஏர் பிடித்தால் ஒரு ஸ்பேனரும் கை பிரைமரும் போதும். நாசிலைக் கழற்றி ஊதிப் பார்ப்பார்கள். கமான் பட்டை முறிந்தால் கட்டையை முட்டுக் கொடுத்துக் கயிற்றால் கட்டி அடுத்த ஊர் வரை உருட்டுவார்கள். 1951-ல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ கம்பெனியின் டீசல் பம்பைக் கழற்றிச் சரி பார்க்கத் தெரிந்த கடை ஊருக்கு ஊர் முளைத்தது. அந்த இன்ஜினுக்குக் கரண்ட் வேண்டியது ஸ்டார்ட் பண்ணத்தான். ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் பேட்டரியே செத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டாசு லோடு ஏற்றுகிறவனுக்கு வயர் குறைவாக இருப்பது எவ்வளவு நிம்மதி!

பட்டாசு என்றதும் லோடு விஷயத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் இரண்டு எதிரெதிர் சரக்குகள் உண்டு. ஒன்று சிமெண்ட்: ராமசாமிராஜா நகரிலும், வெம்பக்கோட்டைக்குப் பக்கத்து ஆலங்குளத்திலும் ஆலை. 17 அடி நீளம், 7 அடி அகலப் பாடியில் 10 டன் சிமெண்ட் போட்டால் சுமார் இரண்டடி உயரம்தான் எழும்பும். வண்டி காலியாகத் தெரியும், பட்டையோ தரை தட்டும். மற்றது பட்டாசும் தீப்பெட்டியும்: அட்டைப் பெட்டிகள் தார்ப்பாய் முட்ட வானம் வரை அடுக்கினாலும் எடை அனுமதி அளவைத் தொடாது. ஆனால் உயரத்தால் புவியீர்ப்பு மையம் மேலே போய்விடும். வளைவில் ஆடும், எதிர்க்காற்றில் திணறும். சிமெண்ட் டிரைவர் இழுவை கேட்பார். பட்டாசு டிரைவர் ஆடாத பட்டையும், நீளப் பாடியும், நம்பகமான பிரேக்கும் கேட்பார். இருவரிடமும் 'எது நல்ல வண்டி' என்று ஒரே கேள்வி கேட்டு, ஒரே பதிலை எதிர்பார்ப்பது நம் தப்பு.

எடை கூடக் கூட அச்சுகளும் கூடின. 1980 வாக்கில் அசோக் லேலண்ட் 'டாரஸ்' என்ற பத்துச் சக்கர லாரியைக் கொண்டுவந்தது. அது தமிழ்நாட்டில் எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்றால், இன்றும் எந்தக் கம்பெனி பெரிய லாரியைப் பார்த்தாலும் 'டாரஸ்' என்கிறோம். பேப்பர்காரர்களும் அப்படியே எழுதுகிறார்கள். ஒரு வண்டிக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது. 2018-ல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது, மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது.

சின்ன வண்டிகள் கதை தனி. 1980களின் நடுவில் ஸ்வராஜ் மாஸ்டா, ஐச்சர் மிட்சுபிஷி, டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான் என்று நாலு ஜப்பான் கூட்டுகள் வரிசையாக இறங்கின. ஓட்ட இலகு, சத்தம் குறைவு. டாடா 1986-ல் 407-ஐ விட்டது. நாளடைவில் அந்த நாலில் சில பெயர்கள் மறைந்தே போயின, 407 நிலைத்தது. நம் பக்கத்துக்கு ஏன் பொருந்தியது என்று யோசித்தேன். பட்டாசு ஆலைகள் பாதுகாப்புக்காக ஊரைவிட்டுத் தள்ளி, கரிசல் காட்டுக்குள் இருக்கின்றன. மழை பெய்தால் கரிசல் மண் பசை. சாதாரண டிஃபரன்ஷியல் இருக்கிற வண்டியில் ஒரு சக்கரம் வழுக்கினால் சக்தியெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய்ச் சும்மா சுற்றும், மற்றது அசையாது. பெரிய லாரி புதைந்தால் டிராக்டர் தேட வேண்டும். 407-ஐ நாலு பேர் தள்ளினால் கிளம்பும். 2005-ல் வந்த டாடா ஏஸ் இன்னும் சின்னது. ஜனங்கள் வைத்த பெயர் 'குட்டி யானை'. கம்பெனி வைத்த பெயரைவிட இதுதான் பொருத்தம்.

இனி இன்றைய நிலை. பென்ஸ், ஒரகடத்தில் ஆலை போட்டு 2012-ல் 'பாரத் பென்ஸ்' என்று திரும்பி வந்துவிட்டது. 2020 ஏப்ரல் முதல் புது லாரிகள் எல்லாம் பி.எஸ். 6. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். பானெட் சூட்டில் வெந்தவர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார்கள்; நானும்தான். பழைய வண்டியைப் புகழ்கிற முதலாளிகள் அதை ஓட்டியவர்கள் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் வண்டி நின்றால்? கம்ப்யூட்டர் சொல்கிற கோடு நம்பரைப் பார்க்க ஸ்கேனர் வேண்டும். கை பிரைமர் வைத்தியம் எல்லா நோய்க்கும் செல்லாது. 32.5 சதவீத யூரியா கரைசல் தீர்ந்தால் இன்ஜின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பம்ப் கடையில் முப்பது வருடம் நின்ற கைகள் இப்போது தடுமாறுகின்றன. டிப்ளமோ படிக்கும் நமக்கு வேலை இருக்கிற இடம் இதுதான்.

நம் வட்டாரம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. பி.எஸ். 6 லாரியின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது நிரம்பியதும் வண்டி தானாகவே அந்தக் கரியை எரிக்கும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். அப்போது வடிகட்டிக்குள் சூடு 600 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். ஓடிக்கொண்டே இருக்கும்போது நடந்தால் காற்றில் ஆறிவிடும். நின்ற இடத்தில், காய்ந்த புல் மேலே, பட்டாசு குடோன் வாசலில் நடந்தால்? டேஷ்போர்டில் அந்த விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் லோடு ஏற்ற வண்டியை உள்ளே விடக்கூடாது. அதை ஒத்திப் போடும் சுவிட்ச் பல மாடல்களில் இருக்கிறது. கையேட்டில் எந்தப் பக்கம் என்று பார்த்து டிரைவருக்கும் கிளீனருக்கும் காட்டிக் கொடுங்கள். ஹைவேயில் வரும்போதே எரித்து முடித்துவிட்டு, ஆறிய பிறகு ஆலைக்குள் வரச் சொல்லுங்கள். குடோன் காவலாளியிடமும் அந்த விளக்கின் படத்தை ஒரு தாளில் வரைந்து கொடுத்து வையுங்கள்.